சம்பலாகிப் போன சம்பளம்

அன்று சம்பள மேசையில் இருந்தவர்கள் மூன்று பேர்: தோட்டத்துத் துரை, பெரிய கிளாக்கர், நான். மேசைக்கு முன்னால் தோட்டமே நின்றது. இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர், எங்களுக்குக் கம்பியூட்டரை விற்று, “முதல் சம்பளத்தன்று கட்டாயம் பக்கத்தில் நிற்பேன்” என்று வாக்குக் கொடுத்த கொழும்புக் கனவான். மற்றது அந்தக் கம்பியூட்டரின் கைநூல். கைநூலை எப்படி ஆள் கணக்கில் சேர்ப்பது என்று கேட்காதீர்கள். அன்றைக்குத் தேவைப்பட்ட ஒரே அறிவாளி அதுதான்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நீங்கள் ஒரு வரி தட்டினால் எங்கோ ஒரு நாட்டில் யாரோ எழுதிய லைப்ரரி வந்து உங்கள் மடியில் இறங்குகிறது. அது யார் எழுதியது, உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்ப்பதில்லை. நான் குறை சொல்லவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. வித்தியாசம் ஒன்றுதான்: எங்கள் லைப்ரரியை நாங்களே எழுதியிருந்தோம்.

வருஷம் எண்பத்திரண்டு. அரசாங்கத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்ட இரத்தினபுரி அலுவலகத்துக்கு ஒரு கம்பியூட்டர் வந்தது. அதற்கு ஒரு குளிரூட்டி வந்தது. குளிரூட்டிக்கு ஒரு திரைச்சீலை வந்தது. கடைசியாக, இவ்வளவும் வந்துவிட்டதே, யாராவது உட்கார வேண்டுமே என்று என்னை எடுத்தார்கள். அப்பா ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியை முழுதாக ஏறி இறங்கிய முதல் ஆள் நான். உயர்தரத்தில் கணிதம், அதற்கு மேல் கொழும்பில் சில வாரப் பயிற்சி. அந்தச் சான்றிதழை அம்மா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். சாமிக்கே அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்கியிராது.

“என்னா வேல குடுத்திருக்காங்க?” என்று அப்பா கேட்டார்.

“லைப்ரரி ஒண்ணு செய்யணும்ப்பா.”

“புஸ்தகம் அடுக்குற வேலயா? பரவால்ல. வெயில்ல நிக்க வேணாம்.”

நான் திருத்தவில்லை. எனக்கே முழுதாகத் தெரியாத ஒன்றை எப்படித் திருத்துவது?

நிபந்தனை சுருக்கமானது. கஹவத்தைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மாதச் சம்பளத்தை முதல்முறையாகக் கம்பியூட்டரில் போட வேண்டும். சரியாக வந்தால் எனக்கு நிரந்தர நியமனம். பிழையாக வந்தால் பத்துச்சீட்டு. வேலையை விட்டு அனுப்பும்போது கையில் கொடுக்கிற துண்டுக்குத் தோட்டத்தில் அப்படித்தான் பெயர். அதை வாங்கிக்கொண்டு நேராக அப்பாவின் ரப்பர் மலைக்குப் போய், அவர் பக்கத்து மரத்தில் நான் பால் வெட்டலாம். கணிதம் அங்கேயும் உதவும், மரங்களை எண்ணலாம்.

கொழும்புக் கனவான் பிரதான புரோகிராமை எழுதித் தந்தார். அதில் முக்கியமான இடங்களெல்லாம் காலியாக இருந்தன. சம்பளத்தில் கழிக்கிற அரிசிப் பிடிப்பு, சேமலாப நிதிப் பிடிப்பு, ஆண் சம்பளம், பெண் சம்பளம் என்று சின்னச் சின்னத் துண்டுகளை நானே எழுதிக்கொள்ள வேண்டுமாம். ஒவ்வொரு துண்டையும் மிஷினின் பாஷைக்கு மாற்றுவது கம்பைல். மாற்றிய துண்டுகளை ஒரு கட்டாகக் கட்டி வைத்தால் லைப்ரரி. பிரதான புரோகிராம் பெயர் சொல்லிக் கூப்பிடும் துண்டைக் கட்டுக்குள் தேடிப் பிடித்து வந்து பொருத்துவது லிங்க். நீங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் படிப்பது இவ்வளவுதான்.

ஆண் சம்பளம், பெண் சம்பளம் என்று இரண்டு துண்டு எதற்கு என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கலாம். அப்போது தோட்டத்தில் ஆணின் நாட்கூலி ஒன்று, பெண்ணின் நாட்கூலி அதைவிடக் குறைவு. ஆண் பின்னேரம் சீக்கிரமே மலையிலிருந்து இறங்கிவிடுவார்; பெண் இருட்டும் நேரத்தில் தேயிலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வருவாள். ஆகவே ஆணுக்குக் கூலி கூட. இதில் என்ன தர்க்கம் என்று, கூலி விபரம் எடுக்கத் தோட்டத்துக்குப் போனபோது நான் துரையிடம் கேட்டேன். “தர்க்கம் நீ மிஷினுக்குச் சொல்லிக் குடு” என்றார்.

சொல்லிக் கொடுத்தேன். கனவான் இரத்தினபுரியை விட்டுப் போகும்போது எனக்கு ஒரு அறிவுரையும் தந்திருந்தார்: “துண்டுகளுக்கு நீளமான, தெளிவான பெயராக வை. வேறு யார் வாசித்தாலும் விளங்க வேண்டும்.” ஏதோ வெளிநாட்டுச் சஞ்சிகையில் படித்திருப்பார். எனக்கு அது வேதவாக்கு. ஆங்கில எழுத்தில் தமிழாகவே வைத்தேன்: ஒன்றுக்கு ‘சம்பளம்ஆண்’, இன்னொன்றுக்கு ‘சம்பளம்பெண்’. பார்த்தீர்களா, எவ்வளவு தெளிவு! எங்கள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினால் அவருக்கும் விளங்கும். பெயரை வைத்துவிட்டு நானே இரண்டு தரம் வாசித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

துண்டு துண்டாகக் கம்பைல் செய்தேன். மிஷின் ஒன்றும் சொல்லவில்லை. லைப்ரரியாகக் கட்டினேன். ஆண் சம்பளம் முன்னுக்கு, பெண் சம்பளம் பின்னுக்கு. தோட்டத்து ஒழுங்கு அதுதானே. மிஷின் ஒன்றும் சொல்லவில்லை. லிங்க் செய்தேன். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. நான் பெருமையோடு எழுந்து நின்று குளிரூட்டிக் காற்றை வாங்கினேன்.

ஒன்றும் சொல்லாத மிஷினைப் பற்றி உங்களுக்கு ஒரு வார்த்தை. அது உங்களோடு உடன்படுகிறது என்று நினைக்காதீர்கள். ஒன்றும் சொல்லாத மாமியாரைப் போல அது. காரணம் பிறகு வெளிவரும், சபையில் வெளிவரும்.

சரிபார்க்காமல் விட்டோமா என்றால், அதுவும் இல்லை. சரிபார்த்தது தோட்டத்துப் பெரிய கிளாக்கர். யாழ்ப்பாணத்து மனிதர், முப்பது வருஷமாகச் சம்பளம் போட்டவர், கூட்டல் கழித்தலில் தன்னைத் தவிர வேறு ஒருவரையும் நம்பாதவர். பஸ்ஸில் இரத்தினபுரிக்கு வந்து, குளிரூட்டி அறைக்குள் மஃப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“தம்பி, உந்த லைப்ரரியிலை எத்தினை புத்தகம் கிடக்கு?”

“புத்தகம் இல்ல ஐயா. புரோகிராம் துண்டுங்க.”

“பின்னை ஏன் லைப்ரரி எண்டு பேர் வைச்சனீர்?”

“நான் வைக்கல ஐயா.”

“சரி, சரி. எங்கை, ஒரு ஆளின்ரை சம்பளத்தைப் போட்டுக் காட்டும் பாப்பம்.”

கங்காணிமார் நாலு பேரின் கணக்கைக் கையால் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மிஷினிலும் போட்டோம். சதம் பிசகவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, “மிசின் வலு கெட்டிக்காரன்” என்று தீர்ப்புச் சொன்னார். தோட்டத்து ஆட்களில் பாதிக்கு மேல் பெண்கள். நாங்கள் சரிபார்த்த நாலு பேரும் மீசை வைத்தவர்கள். இது எனக்கும் உறைக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை. இரண்டு பேருமே வலு கெட்டிக்காரர்கள்.

மொத்தத் தொகை வழக்கத்தைவிடக் கூடத்தான் வந்தது. துரையிடம் காட்டினோம். “இந்த மாசம் மழை நல்லது. கொழுந்து நல்லா வந்திருக்கு” என்று சொல்லிக் காசோலையில் கையெழுத்துப் போட்டார். காரணம் தேடுகிறவர்களுக்கு மழை எப்போதும் கைகொடுக்கும், அதுவும் இரத்தினபுரியில்.

இனிச் சம்பள மேசை.

முதலில் ஆண்கள் வாங்கினார்கள். ஒரு குறையும் இல்லை. அடுத்துப் பெண்கள் வரிசை. முன்னுக்கு நின்றவள் ராக்கம்மா. அந்தத் தோட்டத்துப் பெண்களுக்கு அறிவிக்கப்படாத தலைவி. துரைக்கு அது தெரியும், ஒப்புக்கொள்ள மாட்டார். பெருவிரலை மையில் அழுத்தி வைத்துவிட்டு, கவரைப் பிரித்து, உள்ளே இருந்த சம்பளத் துண்டைப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவர் தோட்டத்தில் இருக்கலாம், இலக்கம் தெரியாதவர் கிடையாது. கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“கிளாக்கரையா, இது என் பேருக்கு வந்ததுங்களா? இல்ல, எங்க வீட்டு ஆளு பேருக்கு வந்ததுங்களா?”

“உன்ரை பேர்தானே அதிலை கிடக்கு. நகரும், நகரும். பின்னுக்கு ஆக்கள் நிக்கினம்.”

“என் பேருதானுங்களே? சரிங்க.”

நகர்ந்தாள். போகிற வழியில் அடுத்தவள் காதில் ஏதோ சொன்னாள். அடுத்தவள் அவளுக்கு அடுத்தவளிடம் சொன்னாள். அதோடு அந்த வரிசை முழுவதும் வாயை மூடிக்கொண்டது. தோட்டத்துப் பெண்கள் சம்பள வரிசையில் பேசாமல் நிற்பதை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் அதற்கு முன் பார்த்ததில்லை. வழக்கமாகப் பிடிப்புக் கூட, பேர் குறைவு, போன மாதப் பாக்கி என்று மேசை அதிரும்; ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்பது தோட்டத்துக் கணக்கு. அன்று வந்தார்கள், விரல் வைத்தார்கள், வாங்கினார்கள், போனார்கள். கோயிலில் பிரசாதம் வாங்குவது போல.

“இண்டைக்கு நல்ல ஒழுங்கு” என்று பெரிய கிளாக்கர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “மிசின் வந்த உடனை சனமும் திருந்தீட்டுது.”

நானும் சிரித்தேன். ஒன்றும் சொல்லாத மிஷினைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? வரிசைக்கும் அதுதான் விதி.

பெண்களில் பாதிப் பேர் வாங்கி முடித்தபோது, ராக்கம்மாவின் புருஷன் பெருமாள் ஒரு கையில் தன் துண்டும் மறுகையில் அவள் துண்டுமாக ஓடி வந்தார். பின்னால் ராக்கம்மா, “ஏய், நில்லுய்யா! ஒனக்கு என்னா கேடு?” என்று கத்திக்கொண்டு வந்தாள்.

“தொரைங்களே! எனக்குச் சம்பளத்தக் கொறச்சிட்டாங்க!”

துரை அவர் துண்டை வாங்கிப் பார்த்தார். கிளாக்கரிடம் கொடுத்தார். கிளாக்கர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.

“பெருமாள், உனக்கு ஒரு சதமும் குறையேல்லை. போன மாசம் எவ்வளவோ அவ்வளவுதான்.”

“அதெப்படிங்க கொறயாம இருக்கும்? அவளுக்கும் எனக்கும் இந்த மாசம் பேரு ஒண்ணு, காசும் ஒண்ணா இருக்கே! பொம்பளயும் நானும் ஒண்ணுன்னா எனக்குக் கொறஞ்சிருச்சின்னு தானே அர்த்தம்?”

ஏற்கெனவே வாங்கிப் போன ஆண்கள் அங்கங்கே மனைவியின் துண்டைப் பறித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒவ்வொருவராகத் தாங்கள் ஏமாற்றப்பட்டதைக் கண்டுபிடித்தார்கள். ஒருவருக்கும் ஒரு சதமும் குறையவில்லை. இருந்தும் ஆபீஸ் வாசலில் அநியாயம், அநியாயம் என்று ஒரே கூச்சல். இரண்டு வருஷம் கழித்து அரசாங்கமே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று சட்டம் போட்டது. அதற்காகப் போராடியவர்கள் நிறையப் பேர். அரசாங்கத்தை முந்தி அதைச் செய்த மிஷினைப் பற்றி எவரும் எழுதவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

துரை கவர்ப் பெட்டியை மூடினார். “மொகத மே?” என்று சிங்களத்தில் என்னைக் கேட்டார். என்ன இது என்று கண்டுபிடிக்க மிஷின் வேண்டும். மிஷின் இரத்தினபுரியில் இருக்கிறது. நான் மலையில் நிற்கிறேன். கொழும்புக்கு ட்ரங்க் கோல் போட்டோம். கனவான் மதியச் சாப்பாடு முடித்து வந்து பேசினார். நான் நடந்ததைச் சொன்னேன். புரோகிராம் துண்டுகளின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் நிமிஷத்துக்கு இவ்வளவு என்று தபால் கந்தோர் அறவிட்டது.

“மிஷின் பெயரில் முதல் ஆறு எழுத்தைத்தான் பார்க்கும். மீதியை விட்டுவிடும். கைநூலில் இருக்கிறதே?” என்றார் ஆங்கிலத்தில்.

“கைநூல் எங்கே சேர்?”

“எங்கள் அலுவலகத்தில். பத்திரமாக வைத்திருக்கிறோம். தோட்டப் பக்கம் அனுப்பினால் அழுக்காகிவிடும்.”

நீளமான பெயராக வை என்று சொன்னது நீங்கள்தானே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் லைன் போய்விட்டது. தொலைபேசியும் அன்று அவர் பக்கம்தான்.

நான் ஒரு பேனையை எடுத்து எழுதிப் பார்த்தேன். எஸ், ஏ, எம், பி, ஏ, எல். ஆறு எழுத்து. ‘சம்பளம்ஆண்’ என்பதிலும் அதே ஆறு. ‘சம்பளம்பெண்’ என்பதிலும் அதே ஆறு. பெரிய கிளாக்கர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து உரக்க வாசித்தார்.

“சம்பல்!”

“மொன சம்போலத?” என்று துரை திரும்பினார். எந்தச் சம்பல் என்று கேட்கிறார்; அவருக்கும் சாப்பாட்டு நேரம்.

“சேர், மிசினுக்கு ஆம்பிளையும் தெரியாது, பொம்பிளையும் தெரியாது. தேங்காய்ச் சம்பல்தான் தெரியும்” என்றார் கிளாக்கர்.

விஷயம் அவ்வளவுதான். பிரதான புரோகிராம் பெண் சம்பளத்தைக் கூப்பிட்டாலும் லிங்க் செய்கிற இடத்தில் ‘சம்பல்’ என்றுதான் கேட்டது. லைப்ரரிக் கட்டில் முன்னுக்கு நின்ற சம்பல் ஆண் சம்பல். அதைப் பிடித்துப் பொருத்திவிட்டு மிஷின் திருப்தியாக இருந்துவிட்டது. நல்லவேளை, ஆணை முன்னுக்கு வைத்தேன். பெண்ணை முன்னுக்கு வைத்திருந்தால் ஆண்களுக்கெல்லாம் பெண் கூலி போயிருக்கும். இந்தப் பணி அனுபவத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள், இரங்கல் பகுதியில்.

துரை என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “தம்பி, நீ போய்ச் சொல்லு. மிஷின் ஒடஞ்சு போச்சு, காசைத் திருப்பித் தாங்க, வாங்காத ஆளுக்குப் பழைய கணக்கில குடுப்போம். ஒங்க ஆளுங்கதானே. ஒன் பேச்சக் கேப்பாங்க.”

“மிஷின் ஒடையலங்க. நான் வச்ச பேர்லதான் பிழை.”

“அது ஏன் சொல்ற? ஒனக்கு வேலை வேணாமா?”

வேண்டும். அவர் சொன்னபடி சொன்னால் கிடைக்கவும் கூடும். உடைந்த மிஷினுக்குப் பத்துச்சீட்டு கொடுக்க முடியாதே. ஆனால் மிஷின் உடைந்தது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த மாதம் அதே மிஷின் போடும் சம்பளத்தை யார் நம்புவார்கள்? ஒவ்வொரு சம்பளத் துண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு, “உடைஞ்ச மிஷின்தானே, கையால போடுங்க” என்பார்கள். அப்போது மிஷினும் தேவையில்லை, நானும் தேவையில்லை. இது நேர்மை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பயத்தில் போட்ட கணக்கு. நேர்மையும் அதுவும் சில நாள் ஒரே விடையில் முடியும், அன்று முடிந்தது.

படியில் ஏறி நின்றேன். பிரட்டை வைத்து விளக்கினேன். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுவதைத்தான் தோட்டத்தில் பிரட்டு என்பார்கள், குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்பார்கள்.

“அக்காமாரே, பிரட்டுல கங்காணி ‘முனியம்மா’ன்னு மட்டும் கூப்பிட்டா என்னா ஆகும்? மூத்த முனியம்மாவா, மேட்டு லயத்து முனியம்மாவான்னு தெரியாது. முன்னுக்கு நிக்கிற முனியம்மா ‘இருக்கேன்’னு சொல்லிருவா. மிஷினும் அப்பிடித்தான். சம்பளம்னு கூப்பிட்டுச்சி. முன்னுக்கு நின்ன ஆம்பளச் சம்பளம் வந்திருச்சி. பேரு வச்சது நான். பிழை என்னுது.”

பிறகு ராக்கம்மா கேட்டாள்.

“அப்ப மிஷினு, ஆம்பளயா பொம்பளயான்னு பாக்கல. வேல செஞ்ச ஆளுக்குச் சம்பளம்னு குடுத்திருச்சி. அதானே தம்பி?”

“ஆமாங்க.”

“அப்ப அதுக்குப் புத்தி இருக்கு. திருத்திறாதீங்க.”

பெண்கள் வரிசை முழுவதும் சிரித்தது. அதோடு அன்றைய ஒழுங்கு முடிந்தது. இன்னும் வாங்காதவர்கள், “முன்னுக்கு நின்னவளுக்கு ஒரு காசு, பின்னுக்கு நின்னவளுக்கு ஒரு காசா?” என்று மேசையை நெருங்கினார்கள். ஆண்கள் இன்னொரு பக்கம், “அப்ப எங்களுக்கு ஏத்திக் குடுங்க” என்று நெருங்கினார்கள். மழையும் வந்தது. துரை, பெட்டியைத் திறந்து மீதிக் கவர்களையும் இருந்தபடியே கொடுக்கச் சொன்னார். கொடுத்து முடித்ததும், கூடிப் போன காசு அடுத்த மாதச் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்று அறிவித்துவிட்டு பங்களாவுக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலைப் பிரட்டுக்குப் பெண்கள் ஒருவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கூட்டம் இல்லை, கொடி இல்லை, கோஷம் இல்லை. லயத்து வாசலில் உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்த்தார்கள். ஆண்கள் போனார்கள், ஆனால் அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற விரல் ஒரு ஆணுக்கும் கிடையாது. மலையில் கொழுந்து முற்றியது. தொழிற்சாலை இயந்திரங்கள் சும்மா கிடந்தன. மூன்றாம் நாள் பிடிப்பு இல்லை என்று துரை சொல்லி அனுப்பினார். ராக்கம்மா கூடையை எடுத்தாள்.

விசாரணை இரத்தினபுரியில், அதே குளிரூட்டி அறையில் நடந்தது. மூன்று அதிகாரிகள். கொழும்புக் கனவான் நிபுணராக அழைக்கப்பட்டிருந்தார். காரில் வந்தார், ரெஸ்ட் ஹவுஸில் தங்கினார், கைநூலோடு வந்தார். அதை முதல்முதலாக அன்றுதான் பார்த்தேன். ஒரு பக்கமும் கசங்காத நூல். ஆறு எழுத்து என்ற வரியை விரல் வைத்துக் காட்டினார். அதிகாரிகள் மூவரும் தலையை ஆட்டினார்கள். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

“இதை வாசிக்காமல் ஏன் வேலை செய்தீர்?”

“அது கொழும்பில் இருந்தது சேர்.”

“கேட்டு வாங்கியிருக்கலாமே?”

இந்தக் கேள்வியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடமும் ஒருநாள் யாராவது கேட்பார்கள். இருக்கிறது என்றே தெரியாத ஒன்றைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள்தான் தலைவர்களாகிறார்கள் போலும்.

பத்துச்சீட்டு மேசையில் தயாராக இருந்தது என்றே நினைக்கிறேன். தலைவர் அதற்கு முன் ஒரு காரியம் செய்தார். நான் போன பிறகு இந்த லைப்ரரியை யார் பார்ப்பது என்று கனவானைக் கேட்டார். தாங்களே மாதாமாதம் வந்து கம்பைல் செய்து, லிங்க் செய்து தர முடியும் என்று கனவான் மிகுந்த பணிவோடு சொன்னார். எவ்வளவு ஆகும் என்றார் தலைவர். கனவான் ஒரு தொகையைச் சொன்னார். மூன்று அதிகாரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தம்பி, உமக்கு மாதச் சம்பளம் எவ்வளவு?”

சொன்னேன்.

தலைவருக்கு உடனே இருமல் வந்தது. தண்ணீர் குடித்தார். பிறகு, இளைஞன், கெட்டிக்காரன், தன் பிழையைத் தானே எல்லோர் முன்னாலும் விளக்கியவன், இப்படிப்பட்டவர்களை நிறுவனம் இழக்கக்கூடாது என்று அழகாக ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். அன்று பின்னேரமே நான் நிரந்தரம். என் திறமையால் கிடைத்தது என்று அப்பாவிடம் சொன்னேன். மலிவாக இருப்பதும் ஒரு திறமைதான். அதை இழந்துவிடாதீர்கள்.

நிரந்தரமான கையோடு வந்த முதல் உத்தரவு: பெயரைத் திருத்து. திருத்தினேன். ‘சம்பளம்ஆண்’ என்பதை ‘ஆண்சம்பளம்’ ஆக்கினேன், ‘சம்பளம்பெண்’ என்பதை ‘பெண்சம்பளம்’ ஆக்கினேன். இப்போது முதல் எழுத்திலேயே இரண்டும் பிரிந்துவிட்டன. கூப்பிடுகிற இடத்திலும் மாற்றினேன். எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்து, பழைய லைப்ரரியை அழித்து, புதிதாகக் கட்டி, லிங்க் செய்தேன். இந்தமுறை நாலு கங்காணியோடு நாலு பெண்களின் கணக்கையும் சரிபார்த்தேன். உங்கள் தொழிலுக்குத் தேவையான பாடம் இந்த ஒரு வரியில் இருக்கிறது: யாருக்காகப் புரோகிராம் எழுதுகிறீர்களோ அவர்களில் பெரும்பாலானவர் யார் என்று பார்த்து, அவர்கள் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். மீதியெல்லாம் கைநூலில் இருக்கும். கைநூல் கொழும்பில் இருக்கும்.

அடுத்த சம்பள நாள். நான் மேசையில் இருந்தேன், நிரந்தர உத்தியோகத்தனாக, புதுச் சட்டையோடு. ராக்கம்மா விரல் வைத்தாள், கவரைப் பிரித்தாள், துண்டைப் பார்த்தாள். பெண் கூலி, சதம் பிசகாமல்.

“தம்பி, மிஷினுக்கு வைத்தியம் பாத்துட்டீங்க போல” என்றாள்.

நான் பேர்ப் பட்டியலைப் பார்த்து அடுத்தவளைக் கூப்பிட்டேன்.

பெருமாள் ஒதுங்கி நின்று தன் துண்டையும் அவள் துண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். போன மாதம் எத்தனை பேரோ இந்த மாதமும் அத்தனை பேர்தான் அவருக்கு, கூலியும் அதேதான். பார்த்து முடித்து, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பெரிய கிளாக்கரிடம் வந்தார்.

“இந்த மாசந்தாங்க சரியாக் குடுத்திருக்காங்க” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

அவருக்கு அந்தச் சிரிப்பை வாங்கிக் கொடுக்க என்ன செலவு என்று பெரிய கிளாக்கர் மிஷினை நம்பாமல் கையாலேயே கூட்டி வைத்திருந்தார். பெண்களுக்குக் கூடிப் போனது, மலையில் முற்றிப் போனது, ட்ரங்க் கோல், கனவானின் கட்டணம், கார், ரெஸ்ட் ஹவுஸ், அங்கே குடித்தது எல்லாம் சேர்த்து இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.